பாலிப்ரொப்பிலீனா, எலக்ட்ரோலிடிக்கா? வீட்டில் கட்டும் ஆம்ப்புக்கு எந்தக் கண்டென்சர்

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் "ஒரு மைக்ரோ கண்டென்சர்" என்று கேட்டால் கடைக்காரர் நாலு விதம் எடுத்து வைப்பார்: அலுமினிய எலக்ட்ரோலிடிக், பச்சை மைலார், சின்னப் பெட்டி வடிவ பாலியெஸ்டர், அதைவிடப் பருத்த பாலிப்ரொப்பிலீன் பெட்டி. நாலிலும் அச்சிட்ட மதிப்பு ஒன்றே. வீட்டில் அசெம்பிள் செய்யும் ஆம்ப்பில், ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்கு சிக்னலை விட்டு டிசியைத் தடுக்கிற கப்ளிங் இடத்தில் இவற்றில் எதைப் போடுவது?

என் தேர்வு பாலிப்ரொப்பிலீன். என் பிரீ-ஆம்ப்பிலும் பவர் ஆம்ப்பின் நுழைவாயிலிலும் இருப்பது அதுதான். ஒலி நயம் அதற்கு இரண்டாவது காரணம். முதல் காரணம் கசிவு. சென்னை வெப்பத்தில் கசிவுதான் ஆம்ப்பின் ஆயுளையும் ஒலியையும் முடிவு செய்கிறது.

போட்டியிலேயே இல்லாதவற்றை முதலில் ஒதுக்கிவிடலாம். எக்ஸ்7ஆர், ஒய்5வி வகை செராமிக்கில் மேலே ஏறும் வோல்ட்டேஜுக்குத் தக்கபடி கொள்ளளவு மாறும். சிக்னலே அந்த வோல்ட்டேஜ் என்றால், அலையின் உச்சியில் ஒரு கொள்ளளவு, அடியில் வேறொன்று, விளைவு டிஸ்டார்ஷன். தட்டினால் ஸ்பீக்கரில் "டொக்" என்று கேட்கவும் செய்யும், ஏனென்றால் அந்தப் பொருள் அதிர்வை மின்சாரமாக்கும். ஐசியின் சப்ளை காலுக்குப் பக்கத்தில் 0.1 மைக்ரோஃபாரட் என்றால் அங்கே அதைவிடச் சரியான பொருள் இல்லை. சிக்னல் பாதையில் மட்டும் வேண்டாம். சிஓஜி செராமிக் வேறு இனம், மிகச் சுத்தமானது. ஃபீட்பேக் ரெசிஸ்டருக்குக் குறுக்கே 22, 47, 100 பிகோஃபாரட் போடும் இடமெல்லாம் அதற்கு உரியது. பாலிஸ்டைரீனும் நல்ல சரக்குதான், ஆனால் 85 டிகிரிக்கு மேல் தாங்காது, சால்டரிங் அயர்னின் சூட்டிலேயே சுருங்கிவிடும், இப்போது தயாரிப்பும் அருகிவிட்டது.

கண்டென்சருக்கு ஒலி உண்டா?

உண்டு, அதன் இரு முனைகளுக்கு இடையே சிக்னல் வோல்ட்டேஜ் விழும்போது. விழாத இடத்தில் கிட்டத்தட்ட இல்லை. இதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

ஒரு கணக்கு. அடுத்த கட்டத்தின் நுழைவு 10 கிலோ ஓம், நடுவில் 10 மைக்ரோஃபாரட். 20 ஹெர்ட்ஸில் கண்டென்சரின் மறிப்பு, அதாவது சிக்னலுக்கு அது காட்டும் தடை, சுமார் 796 ஓம். மொத்த சிக்னலில் ஏறக்குறைய 8% கண்டென்சர் மேல் விழும். 2 வோல்ட் சிக்னலுக்கு 0.16 வோல்ட். அதே இடத்தில் 1 கிலோஹெர்ட்ஸுக்கு மறிப்பு 16 ஓம்தான், விழுவது 0.16%. ஆக எலக்ட்ரோலிடிக் கெடுப்பது குரலையோ புல்லாங்குழலையோ அல்ல. மிருதங்கத்தின் தொப்பி, தவில், பேஸ் கிடார் இருக்கிற அடிப்பகுதியை. 10-ஐ 100 மைக்ரோஃபாரட் ஆக்கினால் 20 ஹெர்ட்ஸில் விழுவது 0.8% ஆகிவிடும், டிஸ்டார்ஷனும் கூடவே ஒடுங்கும். 1 மைக்ரோஃபாரட் ஆக்கினால் 62%. பேஸும் குறையும், மிச்சமிருப்பதும் கலங்கும்.

சிரில் பேட்மேன் 2002-03இல் எலக்ட்ரானிக்ஸ் வேர்ல்ட் இதழில் வகை வகையாக அளந்து வெளியிட்ட தொடரும் இந்தத் திசையையே காட்டியது: பாலிப்ரொப்பிலீனும் சிஓஜியும் மிகச் சுத்தம், பாலியெஸ்டரிலும் சாதாரண எலக்ட்ரோலிடிக்கிலும் டிசி ஏறி நின்றால் இரண்டாம் ஹார்மானிக், அதாவது மூல அதிர்வெண்ணின் இரு மடங்கில் எழும் டிஸ்டார்ஷன், கூடும், பிளஸ்-மைனஸ் பேதம் இல்லாத இருதுருவ எலக்ட்ரோலிடிக், சாதாரணத்தைவிடத் தெளிவாக மேல்.

பத்து மைக்ரோ எலக்ட்ரோலிடிக்குக்குக் குறுக்கே 0.1 மைக்ரோ ஃபிலிம் ஒன்றை இணைத்தால் "ஹை நல்லா திறக்கும்" என்று பலரும் செய்கிறார்கள். 20 கிலோஹெர்ட்ஸிலேயே பத்து மைக்ரோவின் மறிப்பு 0.8 ஓம்தான். பக்கத்தில் நிற்கும் 0.1 மைக்ரோ 80 ஓம். கரன்ட் எந்த வழியில் போகும் என்று சொல்லத் தேவையில்லை. எலக்ட்ரோலிடிக் கெடுக்கும் அடிப்பகுதியிலோ அந்தச் சின்ன ஃபிலிம் வேலையே செய்வதில்லை.

கசிவு

எலக்ட்ரோலிடிக்கில் மின்கடத்தா அடுக்கு என்பது அலுமினியத் தகட்டின் மேல் வளர்த்த மெல்லிய ஆக்சைடு. அதன் வழியே எப்போதும் கொஞ்சம் டிசி ஒழுகும். டேட்டாஷீட்டுகள் பொதுவாக அனுமதிக்கும் உச்சம்: கொள்ளளவையும் ரேட்டிங் வோல்ட்டேஜையும் பெருக்கி 0.01ஆல் பெருக்கினால் வரும் மைக்ரோஆம்பியர், அல்லது 3 மைக்ரோஆம்பியர், எது பெரிதோ அது. 10 மைக்ரோ, 50 வோல்ட் என்றால் 5 மைக்ரோஆம்பியர். அது 50 கிலோ ஓம் வால்யூம் கண்ட்ரோல் வழியே இறங்கினால் 0.25 வோல்ட் டிசி. நல்ல புதுச் சரக்கில், 6 வோல்ட் மட்டும் ஏறியிருக்கும்போது, உண்மையான கசிவு இதில் சிறு பங்குதான். ஆனால் அது சூட்டில் கூடும், வயதில் கூடும்.

12 வோல்ட் ஒற்றை சப்ளையில், 4558 என்ற ஆப்-ஆம்ப் ஐசியில் ஓடும் பேஸ்-டிரெபிள் போர்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஐசியின் வெளியீடு 6 வோல்ட்டில் நிற்கிறது. கண்டென்சர் அந்த ஆறையும் தாங்கிக்கொண்டு சிக்னலை மட்டும் விட வேண்டும். கசிந்தால் பாட் மேல், அதாவது வால்யூம் கண்ட்ரோல் மேல், டிசி நிற்கும், திருப்பும்போதெல்லாம் "கரகர". பாட் தேய்ந்துவிட்டது என்று கிளீனர் அடிப்பார்கள், பாட்டையே மாற்றுவார்கள். சில மாதத்தில் கரகரப்பு திரும்ப வரும். கண்டுபிடிக்க எளிய வழி: பாட்டு போடாமல் ஆம்ப்பை ஆன் செய்து, மல்டிமீட்டரை 200 மில்லிவோல்ட் டிசியில் வைத்து பாட்டின் இரு கோடி முனைகளில் அளந்து பாருங்கள். அரைமணி நேரம் சூடேறவிட்டு மறுபடி அளக்க வேண்டும். பத்து மில்லிவோல்ட்டுக்கு மேல் நின்றாலோ, சூட்டோடு ஏறிக்கொண்டே போனாலோ, மாற்ற வேண்டியது கண்டென்சரை.

வால்வு ஆம்ப்பில் இதே கசிவு பணத்தைத் தின்னும். 200 வோல்ட் பிளேட்டிலிருந்து அடுத்த வால்வின் கிரிட்டுக்குப் போகும் கண்டென்சர் 10 மைக்ரோஆம்பியர் கசிந்தால், 470 கிலோ ஓம் கிரிட் ரெசிஸ்டரில் 4.7 வோல்ட் பாசிட்டிவ் நிற்கும். வால்வின் கரன்ட்டைக் கட்டுக்குள் வைக்கும் பயாஸ் வோல்ட்டேஜ் கரைந்து, பிளேட் சிவந்து, கடைசியில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போகும். பழைய வால்வு ரேடியோவைத் திறந்தால் மெழுகு பூசிய காகித கண்டென்சர்களை முதலில் கழற்றச் சொல்வது இதனால்தான். கடலோரக் காற்றில் காகிதம் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது.

அடுத்தது வெப்பம். எலக்ட்ரோலிடிக்கின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரி குறைவுக்கும் இரட்டிப்பாகும் என்பது பொது விதி. கத்திரி வெயிலில் சென்னை அறை 36 டிகிரி; மூடிய மரப்பெட்டிக்குள், ஹீட்சிங்க் பக்கத்தில், 55 என்று வைத்துக்கொள்ளலாம். 85 டிகிரி, 2000 மணி என்று போட்ட சரக்குக்கு அது 16,000 மணி நேரம். நாளுக்கு ஐந்து மணி ஓடினால் ஒன்பது வருடத்துக்கும் கொஞ்சம் குறைவு. வால்வு ஆம்ப்பின் சேசிஸுக்குள் 65 டிகிரி என்றால் நாலரை வருடத்தைத் தொடாது. 105 டிகிரி சரக்கு போட்டால் கணக்கு நாலு மடங்கு நீளும். இருந்தும் அடிப்பக்க ரப்பர் அடைப்பு அவ்வளவு காலம் இறுகியிருக்கும் என்று நம்ப வேண்டாம். காய்வது ஒரே நாளில் நடப்பதும் இல்லை. கொள்ளளவு மெல்லச் சுருங்க, பேஸ் மெல்ல இளைக்கும். தினம் கேட்கிறவர் காதுக்கு அது தெரியவே தெரியாது.

பாலிப்ரொப்பிலீனில் இந்தப் பிரச்சினையே எழுவதில்லை. 1 மைக்ரோஃபாரட் பெட்டியின் இன்சுலேஷன் 10,000 மெகா ஓம் என்று வைத்தால், 6 வோல்ட்டில் கசிவு 0.6 நானோஆம்பியர். அதே 50 கிலோ பாட்டில் 0.03 மில்லிவோல்ட். காய்வதற்கு உள்ளே திரவம் இல்லை. துருவம் இல்லாததால் தலைகீழாக மாட்டிவிடும் பயமும் இல்லை. ஒருமுறை சரியாகச் சால்டர் செய்தால் அந்த இடத்தை மறந்துவிடலாம்.

மாற்றும்போது

எலக்ட்ரோலிடிக்கைக் கழற்றி அதே 10 மைக்ரோவுக்கு பாலிப்ரொப்பிலீன் தேடுவதுதான் வழக்கமான தவறு. கிடைக்கும், தீப்பெட்டி அளவில். கொள்ளளவைக் குறைத்து, அடுத்த கட்டத்தின் நுழைவு ரெசிஸ்டரை ஏற்றுவதே வழி. சூத்திரம்: 159-ஐ கிலோ ஓமாலும் ஹெர்ட்ஸாலும் வகுத்தால் மைக்ரோஃபாரட். கட்-ஆஃப், அதாவது பேஸ் சரியத் தொடங்கும் அதிர்வெண், 3 ஹெர்ட்ஸ் வேண்டும், ரெசிஸ்டர் 100 கிலோ என்றால் 0.53; கையில் கிடைக்கும் 0.47 போதும். 47 கிலோ என்றால் 1 மைக்ரோ.

4558 போர்டில் நான்-இன்வெர்ட்டிங் நுழைவின் பயாஸ் ரெசிஸ்டரை 100 கிலோவாக்கி 0.47 போடலாம். டிஎல்072 ஐசி இன்னும் தோது. அதன் நுழைவில் ஜேஃபெட் வகை டிரான்சிஸ்டர் இருப்பதால், நுழைவுக் காலில் ஓடும் சிறு டிசியான பயாஸ் கரன்ட் பிகோஆம்பியர் கணக்கில்தான். என்இ5532 ஐசியில் மட்டும் கவனம். அதன் பயாஸ் கரன்ட் வழக்கமாக 200 நானோஆம்பியர், 100 கிலோவில் 20 மில்லிவோல்ட். பாட்டை நேராக அதன் நுழைவில் இணைத்திருந்தால், எலக்ட்ரோலிடிக்கை விரட்டிய பிறகும் கரகரப்பு இருக்கும்.

டிடிஏ2030 என்ற பவர் ஆம்ப் ஐசியின் டேட்டாஷீட் சர்க்யூட்டில் நுழைவு 22 கிலோ, 1 மைக்ரோ. கட்-ஆஃப் 7 ஹெர்ட்ஸ் சொச்சம். அங்கே 2.2 மைக்ரோ பாலிப்ரொப்பிலீன் போட்டால் 3.3 ஹெர்ட்ஸ், வேறெதையும் தொட வேண்டாம். ஆனால் அதே சர்க்யூட்டில் பலரும் கவனிக்காத இடம் ஃபீட்பேக்கின் கீழ்க்கால்: 680 ஓமும் 22 மைக்ரோ எலக்ட்ரோலிடிக்கும். 20 ஹெர்ட்ஸில் அந்த 22 மைக்ரோவின் மறிப்பு 362 ஓம். அங்குள்ள சிக்னலில் 47% கண்டென்சர் மேலேயே விழுகிறது. நுழைவில் விலை உயர்ந்த ஃபிலிமைப் போட்டுவிட்டு இதை விட்டுவைத்தால் போட்ட காசுக்குப் பயனில்லை. 680 ஓமுக்குப் பொருந்தும் ஃபிலிம் கட்டுப்படியாகாது, ஆகவே எலக்ட்ரோலிடிக்கே, 220 மைக்ரோவாக. விழுவது 5 சதவீதத்துக்கு இறங்கும். இரட்டை சப்ளையில் அந்த இடத்தில் டிசி கிட்டத்தட்ட பூஜ்யம் என்பதால் இருதுருவ வகை கிடைத்தால் இன்னும் நல்லது. ஆன் செய்ததும் ஆம்ப் நிலைகொள்ள ஒரு கணம் கூடுதலாக எடுக்கும்.

பாலிப்ரொப்பிலீனின் சங்கடம் உடம்பில். 1 மைக்ரோ, 63 வோல்ட் பாலியெஸ்டரின் கால் இடைவெளி 5 மில்லிமீட்டர். பாலிப்ரொப்பிலீனில் அதே மதிப்பு 15 அல்லது 22.5 மில்லிமீட்டர் இடைவெளியில் வரும். போர்டின் துளைக்காகக் காலை நீட்டி அந்தரத்தில் நிறுத்தினால் இரண்டு கேடு. ஒன்று, அதிர்வில் உள்ளே தகட்டின் விளிம்பில் தெளித்த உலோகப் பூச்சிலிருந்து கால் விடுபட்டு, தொட்டால் வரும் தொடாவிட்டால் போகும் கனெக்ஷனாகிவிடும். இரண்டு, பெரிய உடம்பு டிரான்ஸ்ஃபார்மரின் ஹம்மை ஆன்டெனா போல வாங்கும். படுக்க வைத்து, கால்களைக் குட்டையாக வெட்டி, பெட்டியின் அடியில் நியூட்ரல் சிலிக்கோன் ஒரு துளி வைத்து ஒட்டுங்கள். வினிகர் வாசனை வரும் சிலிக்கோன் செம்பை அரிக்கும், கூடாது. உருளை வடிவம் என்றால் வெளித்தகடு எந்தக் காலில் என்று பார்த்து, அதைச் சிக்னல் வருகிற பக்கத்தில், அதாவது முந்தைய கட்டத்தின் வெளியீட்டில் இணைக்க வேண்டும். ஆசிலோஸ்கோப் இருந்தால் புரோபை இரு காலிலும் மாட்டி, கண்டென்சரைக் கையால் பற்றி, பிறகு புரோபைத் திருப்பி மாட்டிப் பாருங்கள். ஹம் குறைவாகத் தெரியும்போது கிரவுண்ட் கிளிப் இருக்கும் கால்தான் வெளித்தகடு. அயர்ன் 350 டிகிரி என்றால் ஒரு காலுக்கு மூன்று வினாடிக்குள் முடித்துவிடுங்கள். அந்த ஃபிலிம் 105 டிகிரிக்கு மேல் வேலை செய்யப் படைக்கப்பட்டதல்ல.

பாலியெஸ்டரை என்ன செய்வது

கட்-ஆஃப் 3 ஹெர்ட்ஸில் வைத்த கப்ளிங் இடத்தில் பாலியெஸ்டருக்கும் பாலிப்ரொப்பிலீனுக்கும் காதில் வித்தியாசம் தெரியும் என்று நான் சொல்லமாட்டேன். மின்கடத்தா இழப்பு பாலியெஸ்டரில் 0.5% அளவு, மற்றதில் 0.05 சதவீதத்துக்கும் கீழே. ஆனால் மேலே சிக்னலே விழாதபோது அந்த இழப்புக்கு வேலையில்லை. இடம் நெருக்கமான போர்டில் பாலியெஸ்டர் பெட்டி கௌரவமான தேர்வு. டோன் கண்ட்ரோல், ஃபோனோ ஈக்வலைசர், ஃபில்டர் ஆகிய இடங்களில் கதை வேறு. அங்கே கண்டென்சர் மேல் முழு சிக்னலும் விழும், அதனால் பாலிப்ரொப்பிலீனே வேண்டும். அதைவிட முக்கியம், இடது வலது சேனல்களுக்கு ஒன்றி இருக்கும் ஜோடியைப் பொறுக்குவது. எந்த வகையானாலும் பச்சை மைலார் போல மேலே முக்கி எடுத்ததைவிட, எபாக்சி நிரப்பி மூடிய பெட்டியே நம் ஊருக்கு ஏற்றது. ஓரங்களில் ஈரம் புகுந்தால் ஃபிலிமின் உலோகப் பூச்சு அரித்துக் கொள்ளளவு இறங்கும்.

ஸ்பீக்கர் கிராஸ்ஓவர்

ட்வீட்டருக்கு மேல் அதிர்வெண்களை மட்டும் பிரித்து அனுப்பும் இந்த இடத்தில் பாலிப்ரொப்பிலீனின் வெற்றி சந்தேகமற்றது, பொருளும் தெருமுனை எலக்ட்ரிக்கல் கடையிலேயே இருக்கிறது. சீலிங் ஃபேன் கண்டென்சர் என்று விற்கும் 2.5 மைக்ரோ, 440 வோல்ட் ஏசி சரக்கு உலோகப் பூச்சுள்ள பாலிப்ரொப்பிலீன்தான். பெரும்பாலும் 5% துல்லியம். இரண்டை இணையாகப் போட்டால் 5 மைக்ரோ, 8 ஓம் ட்வீட்டருக்குக் கிட்டத்தட்ட 4 கிலோஹெர்ட்ஸ். அதே இடத்தில் 20% துல்லியமுள்ள 4.7 மைக்ரோ இருதுருவ எலக்ட்ரோலிடிக் போட்டால் கட்-ஆஃப் 3.5-இலிருந்து 5.3 கிலோஹெர்ட்ஸுக்குள் எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம், இரண்டு ஸ்பீக்கரும் இரண்டு விதமாக ஒலிக்கும். சுழற்சி குறைந்துபோன ஃபேனிலிருந்து கழற்றியதை மட்டும் எடுக்காதீர்கள். உள்ளே சிறுசிறு பொத்தல்கள் விழுந்து, தானே ஆறி, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொள்ளளவை இழந்ததுதான் அது. ஃபேன் மெதுவானதற்குக் காரணமே அதுவாக இருக்கலாம்.

வாங்கும்போது

பெட்டியில் எம்கேடி என்றால் பாலியெஸ்டர், எம்கேபி என்றால் பாலிப்ரொப்பிலீன். 474 என்பது 0.47, 105 என்பது 1 மைக்ரோ. பின்னால் வரும் ஜே 5%, கே 10%. எழுத்து அழிந்திருந்தாலோ நம்பிக்கை வராவிட்டாலோ ஹேர் டிரையர் போதும். கொள்ளளவை அளக்கும் எல்சிஆர் மீட்டரில் மாட்டிவிட்டு முப்பது டிகிரி அளவு சூடாக்குங்கள். பாலிப்ரொப்பிலீனின் கொள்ளளவு அரை சதவீதத்துக்குச் சற்று மேல் இறங்கும். பாலியெஸ்டரில் ஒரு சதவீதத்துக்கு மேல் ஏறும். திசையே வேறு என்பதால் குழப்பம் வராது. எலக்ட்ரோலிடிக்கில் பிரபல பெயரின் உறைக்குள் சிறிய டப்பாவை நுழைத்து விற்பது உண்டு; கொள்ளளவோடு இஎஸ்ஆர் எனப்படும் உள்தடையையும் அளந்து, ஒரே மதிப்பில் மற்றவற்றோடு எடையை ஒப்பிட்டு வாங்குங்கள். அலமாரியில் வருடக்கணக்கில் கிடந்த எலக்ட்ரோலிடிக்கை நேராக மாட்டாமல், 10 கிலோ ரெசிஸ்டர் வழியே ரேட்டிங் வோல்ட்டேஜில் சில மணி நேரம் வைத்தால் ஆக்சைடு மீண்டும் வளர்ந்து கசிவு குறையும்.

எண்ணெயில் ஊறிய காகித வகையையும், ஒன்றுக்கு ஆயிரங்களில் விலை சொல்லும் வெள்ளித்தகட்டு வகையையும் நான் அதிகம் பழகியதில்லை. அவற்றுக்குத் தனி இனிமை உண்டு என்று நம்புகிறவர்களோடு வாதிட மாட்டேன், சோதிக்கும் முறையை மட்டும் சொல்வேன். இரண்டு கண்டென்சரையும் ஒரு டாகிள் சுவிட்சில் கட்டுங்கள். இரண்டும் ஒரே கொள்ளளவா என்று அளந்து, 400 ஹெர்ட்ஸ் டோனில் வெளியீடு 0.1 டெசிபலுக்குள் ஒத்திருக்கிறதா என்று சரிபாருங்கள். தம்புரா மட்டும் ஒலிக்கும் பகுதி ஒன்று, மிருதங்கத் தனி ஒன்று போதும். சுவிட்சைப் போடுபவர் கண்ணில் படாத இடத்தில் நிற்க வேண்டும். பதினாறு முறைக்குப் பன்னிரண்டு முறையாவது சரியாகச் சொன்னால் அது தற்செயலாக இருக்க வாய்ப்பு குறைவு, அந்தக் கண்டென்சருக்குத் தாராளமாகச் செலவழிக்கலாம்.

ஃபீட்பேக்கின் கீழ்க்காலைப் போல இன்னொரு இடத்திலும் எலக்ட்ரோலிடிக்கைத் தவிர வழியில்லை: ஒற்றை சப்ளையில் ஓடும் 4440 என்ற பவர் ஆம்ப் ஐசி போர்டில் ஸ்பீக்கருக்குப் போகும் பெரிய கண்டென்சர். 1000 மைக்ரோவும் 4 ஓம் ஸ்பீக்கரும் என்றால் 40 ஹெர்ட்ஸிலேயே பேஸ் சரிய ஆரம்பித்துவிடும். 2200 போட்டால் 18 ஹெர்ட்ஸ். 25 வோல்ட், 105 டிகிரி சரக்காகப் பார்த்து, ஹீட்சிங்க்கிலிருந்து ஓர் அங்குலமாவது தள்ளி மாட்டுங்கள்.